14 வாரத்துக்குள் ஒரு வீடு

பிறந்து ஒரு வாரமான நாய்க்குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. தாயின் சூட்டையும் பால் வாசனையையும் வைத்தே அது உலகத்தை அறிகிறது. ஏறக்குறைய 2 வாரத்தில் கண் திறக்கும். இன்னும் சில நாளில் காது கேட்கும். 3-ஆம் வாரத்தில் தள்ளாடி நடந்து வந்து உங்கள் கால்விரலை மோந்து பார்க்கும்.

அப்போதிலிருந்து அதன் மூளைக்குள் ஒரு பெரிய பாடம் நடக்கிறது. யாரை நம்பலாம், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்றெல்லாம் குட்டி கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடம் சுலபமாக ஏறுவது 12 அல்லது 14 வார வயது வரைதான். அதற்குப் பிறகும் நாய் கற்கும். ஆனால் மெதுவாக, பயந்து பயந்து கற்கும்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 1961-இல் வெளிவந்தன. உயரமான வேலி போட்ட திறந்த வெளியில், மனிதர் கண்ணில் படாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சில குட்டிகளை 2-ஆம் வாரத்திலும், சிலவற்றை 3, 5, 7, 9-ஆம் வாரங்களிலும் ஒரு வாரம் மட்டும் உள்ளே கொண்டுவந்து விளையாடவிட்டார்கள். அவற்றில் 7 வார வயதில் வந்த குட்டிகள் மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை மனிதரையே பார்க்காத குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல விலகி ஓடின. அந்தக் குட்டிகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவற்றால் நமக்குத் தெரியவந்ததை வீணாக்காமல் இருப்பதாவது நம் கடமை.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் தெருக்குட்டிகளைப் பல மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். 7 மாத வயதை எட்டியவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். இறந்தவற்றில் பாதிக்கும் மேல் மனிதர்களால் இறந்தன: வண்டியில் அடிபட்டு, விஷம் வைக்கப்பட்டு.

தாயை இழந்த குட்டிகளையும் அடிபட்ட நாய்களையும் காப்பகங்கள் ஏற்கின்றன. சென்னையில் உள்ள புளூ கிராஸ் அப்படி ஒன்று. 1959-இல், மழைநீர் தேங்கிய தெருவில் தத்தளித்த இரண்டு குட்டிகளை கேப்டன் சுந்தரம் என்ற விமானி தம் வீட்டுக்குத் தூக்கி வந்ததில்தான் அது தொடங்கியது. காப்பகத்தில் இடம் குறைவு, நாய்கள் அதிகம். அதனால் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலர்கள் வேண்டியிருக்கிறது. இதை ஃபாஸ்டர் செய்வது என்கிறார்கள். நாயை நிரந்தரமாக ஏற்க ஒரு குடும்பம் கிடைத்ததும் அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதுதான் தத்து.

குட்டிகளுக்கு ஏன் காப்பகத்தை விட வீடு நல்லது? பார்வோ என்றொரு வைரஸ் இருக்கிறது. 1978-இல் அடையாளம் காணப்பட்டது. குடலைத் தாக்கி, ரத்தமாகப் பேதியாக்கி, சில நாளிலேயே குட்டியைக் கொன்றுவிடக்கூடியது. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். நாய்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் சட்டென்று பரவும். தடுப்பூசி உண்டு, ஆனால் ஒரே ஊசியோடு வேலை முடிவதில்லை. தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் உடலில் இருக்கும்வரை, அவை ஊசி மருந்தையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். அவை எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். எனவே 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள்.

சிக்கல் புரிகிறதா? ஊசிகள் முடிய 16 வாரம் ஆகிறது. அதுவரை குட்டியைத் தெருவில் நடக்கவிட முடியாது. உலகத்தைச் சுலபமாகக் கற்கும் காலமோ 14 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குட்டிக்கு ஒரு வீடுதான் வழி. தெருக் கிருமி அதிகம் எட்டாத அந்த இடத்தில் குக்கர் விசில் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, தாத்தாவின் கைத்தடி, அப்பாவின் ஹெல்மெட், விரிந்த குடை எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து, மெல்ல, ஒரு துண்டு உணவோடு அறிமுகப்படுத்தினால் போதும்.

ரொம்பச் சின்னக் குட்டி என்றால் வேலை அதிகம். முதல் சில வாரங்களில் அதனால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைக்க வேண்டும். சூடு கூடினால் நகர்ந்துகொள்ள இடமும் விட வேண்டும். பசும்பால் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பால் சர்க்கரை குறைவு. அதனால் பசும்பால் குட்டியின் வயிற்றைக் கெடுத்துவிடும். கால்நடை மருத்துவர் சொல்லும் குட்டிகளுக்கான பால்மாவுதான் சரி. குட்டியை மல்லாக்கப் போட்டுப் புகட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையில் தலை சற்று நிமிர்ந்திருக்கட்டும். ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அதன் அடிப்புறத்தைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதால்தான் குட்டிக்கு மூத்திரம் வரும். 3 வாரம் வரை அது தானாகப் போகாது.

ஆனால் தெருவில் குட்டிகளைப் பார்த்தவுடன் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தூரத்தில் நின்று காத்திருங்கள். தாயைவிட நல்ல ஃபாஸ்டர் யாரும் இல்லை.

வளர்ந்த நாய் வந்தால் வேறு மாதிரி. முதல் சில நாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருங்கள். தானே வரும்.

அமெரிக்காவில் 5 காப்பகங்களில் நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வு அது. மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற பொருளை நாய்களின் சிறுநீரில் அளந்தார்கள். வீட்டில் இருந்தபோது அது குறைந்தது. நாய்கள் இடைவிடாமல் அதிக நேரம் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழைய நிலைக்கே ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. திருப்பி அனுப்பினால் ஏங்கிப்போகுமே என்று தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான். அந்த நாய்களுக்கு வீட்டில் இருந்த நேரம் லாபம்தான்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. எந்த நாயானாலும், குட்டியே ஆனாலும், கடித்தாலோ நகத்தால் கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். திட்டுவார்களே என்று மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்கடியால் பரவும் ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைப் போலவே சோப்பு அதைக் கரைத்துவிடும். ஆனால் கழுவியதோடு நிறுத்தக் கூடாது, தடுப்பூசியும் கட்டாயம். பார்வோவுக்கு அந்தக் கொழுப்பு உறையே கிடையாது. அதனால் சோப்பு அதை ஒன்றும் செய்யாது. தரையைப் பெரியவர்கள் பிளீச் கரைசலால்தான் துடைக்க வேண்டும். பார்வோ மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதிய நாயைத் தனி அறையில் வைக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் சம்மதித்து ஒரு குட்டி வந்துவிட்டால் நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் அதை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்தச் சத்தத்துக்குப் பயந்தது, எத்தனையாவது நாளில் அந்தப் பயம் போனது, எங்கே சொறிந்தால் கண்ணை மூடும் என்றும் எழுதி வையுங்கள். தத்தெடுக்க வருகிறவர்களிடம் ஊசி அட்டையோடும், குட்டி படுத்திருந்த துணியோடும் அந்த நோட்டையும் கொடுத்துவிடுங்கள். துணியைத் துவைக்க வேண்டாம். பழகிய வாசனை கூடவே இருந்தால் புது வீட்டில் முதல் இரவு அதற்குக் கொஞ்சம் சுலபமாகும்.