பத்து ரூபாய் நாணயமும் கொத்தமல்லி விதையும்

கண்ணாடிப் பாலம் பார்க்கக் கன்னியாகுமரி போய்வந்த நாகர்கோவில் வாசகர் ஒருவருக்குச் சந்தேகம். கரையில் மகளை நிறுத்தி, வள்ளுவர் சிலை பின்னால் வரும்படி போனில் எடுத்தார். சிலையும் தெளிவாகவே விழுந்தது. அதே இடத்தில் மைத்துனர் 50 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவில் எடுத்ததில் மகள் மட்டும் தெளிவு, வள்ளுவர் கரைந்துபோனார். இரண்டு லென்ஸும் எஃப் 1.8. பிறகு எப்படி வித்தியாசம் என்கிறார்.

குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் 1.8 என்றால் துளை 28 மி.மீ.; ஏறக்குறைய ஒரு பத்து ரூபாய் நாணயம். போன் லென்ஸின் நிஜக் குவியத்தூரம் 6 மி.மீ. அளவுதான். அதில் 1.8 என்றால் 3.3 மி.மீ., ஒரு கொத்தமல்லி விதை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் 1.8 வெளிச்சத்தின் கணக்கு. மங்கலுக்கு அதை நம்பி ஏமாறாதீர்கள். வியன்னாவில் 1840-இல் ஜோசப் பெட்ஸ்வால் அகலத் துளை லென்ஸைக் கணக்கிட்டதும் வெளிச்சத்துக்காகத்தான்; படத்துக்கு உட்கார்ந்தவர் வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டிய கொடுமை அதனால் குறைந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வெகுதூரத்து விளக்கின் கதிர்கள் நம்மிடம் இணையாக வந்து சேர்கின்றன. அவற்றில் லென்ஸுக்குள் போவது, துளையின் அகலமே உள்ள ஓர் ஒளிக்குழாய். அதை மகள் நிற்கும் இடத்தில் குறுக்கே வெட்டினாலும் அதே 28 மி.மீ. வட்டம்தான். லென்ஸ் குவிந்திருப்பதும் அந்த இடத்தில்தான். ஆகவே அவள் கன்னத்தருகே ஒரு பத்து ரூபாய் நாணயத்தை ஒட்டியதுபோல விளக்கு படத்தில் விழும். அவள் இரண்டு மீட்டரில் நின்றாலும் பத்து மீட்டரில் நின்றாலும் நாணயம் அதே நாணயம்.

இப்போது வள்ளுவர். பீடத்தோடு 133 அடி, அதாவது 40 மீட்டருக்குச் சற்று மேல். கரையிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். மகள் இரண்டு மீட்டரில் நின்றால், அவள் தோளருகே அவர் 16 செ.மீ. பொம்மை. அந்தப் பொம்மையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பத்து ரூபாய் நாணயமாக விரிகிறது. ஆறு நாணயத்தை வரிசையாக வைத்தால் பீடம் முதல் உச்சிவரை முடிந்தது. அதை வைத்துத் தாடி வரைய முடியுமா? வலக்கையின் மூன்று விரலை? கொத்தமல்லி விதை என்றால் அதே உயரத்துக்கு ஐம்பது பிடிக்கும். சுளகில் பரப்பிப் பொறுமையாக அடுக்கிப் பாருங்கள். தாடியும் வரும், விரலும் ஒருமாதிரி வரும்.

கேமராவிலும் வள்ளுவர் வேண்டுமென்றால் மகளை நான்கு மீட்டருக்குத் தள்ளி நிறுத்துங்கள். பொம்மை 32 செ.மீ. ஆகும், நாணயம் வளராது. அல்லது எஃப் 16 வையுங்கள். துளை 3 மி.மீ. ஆகிவிடும், மைத்துனர் கையிலும் கொத்தமல்லி விதைதான்.

போனின் ‘போர்ட்ரெய்ட்’ வசதியில் துளை அணுவளவும் விரிவதில்லை. ஆளின் விளிம்பு எது என்று மென்பொருள் ஊகித்து, மீதியைக் குழைக்கிறது. மகள் தலையில் தோவாளைப் பிச்சிச் சரம் இருந்தால், காற்றில் அது ஆடும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில மொட்டுகள் அவளோடு இருக்கும். சில கடலோடு போயிருக்கும்.