கிணற்று நீருக்குக் கருவி வாங்கும் முன்

சோப்பு தேய்த்தால் நுரை வருவதில்லை. பருப்பு வேக வெகு நேரம் ஆகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. குழாயின் துளைகள் அடைத்துக்கொள்கின்றன. கிணறும் ஆழ்குழாய்க் கிணறும் உள்ள பல வீடுகளில் இந்தத் தொல்லை உண்டு. இத்தகைய நீரைக் கடின நீர் என்பார்கள்.

கடின நீர் எப்படி உண்டாகிறது?

மழை நீர் மென்மையானது. அது மண்ணுக்குள் இறங்குகிறது. பாறைகளின் இடுக்கில் ஊறிச் செல்கிறது. அப்போது கால்சியம், மக்னீசியம் என்னும் தாதுக்கள் அதில் கரைகின்றன. சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் இவை அதிகம் கரையும்.

கடினம் வேறு, உப்புக் கரிப்பு வேறு. கரிக்காத நீரும் கடினமாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களை எடுக்க வேண்டும். ஒன்றில் மழை நீர், மற்றொன்றில் கிணற்று நீர். இரண்டிலும் சோப்புக் கரைசலை ஒரே அளவு விட்டுக் குலுக்க வேண்டும். கிணற்று நீரில் நுரை குறைந்து, தயிர் போலத் திரி திரியாக மிதந்தால் அது கடின நீர்.

எவ்வளவு இருக்கலாம்?

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் அளவு வகுத்துள்ளது. ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நல்ல நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம்.

கடின நீர் உடலுக்கு நஞ்சு அல்ல. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. கடின நீர் குடிப்பதால் மட்டுமே சிறுநீரகத்தில் கல் வரும் என்பது நிரூபிக்கப்படவில்லை. சோப்பும் எரிபொருளும் வீணாவதுதான் இதில் பெரிய நட்டம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

சில கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம் இருக்கிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தெலங்கானாவின் நல்கொண்டா பகுதி இதனால் பல ஆண்டுகள் துன்பப்பட்டது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பல ஊர்களில் இந்தத் துன்பம் உண்டு. ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படியும். அளவு மிக அதிகமானால், பல ஆண்டுகளில் எலும்பும் மூட்டும் கெடும். முதுகு வளைந்துபோனவர்களும் உண்டு. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம்.

மேற்கு வங்காளம், பீகார் மாநிலங்களில் பல கிணறுகளில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருக்கிறது. சாணக் குழியும் கழிவறைக் குழியும் அருகில் இருந்தால் கிணற்றில் நைட்ரேட்டும் கிருமியும் சேரும்.

நீரை மென்மையாக்கும் கருவி இவற்றில் எதையும் நீக்குவதற்கானது அல்ல. ஆனால் கருவி வைத்த பிறகு நுரை நன்றாக வரும். பாத்திரமும் பளிச்சென்று இருக்கும். 'இனி நீர் நல்ல நீர்' என்று குடும்பத்தார் நம்பிவிடுவார்கள். குழந்தை அதே ஃபுளோரைடைத்தான் தினமும் குடிக்கும்.

ஆகவே முதலில் சோதனை, பிறகு கருவி.

எங்கே சோதிப்பது?

பெரும்பாலான மாவட்டங்களில் அரசின் குடிநீர் ஆய்வுக்கூடம் உண்டு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமப் பெண்களுக்கு நீர் சோதிக்கும் பயிற்சி தரப்பட்டுள்ளது. சோதனைப் பெட்டி யாரிடம் உள்ளது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். கடினத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், மொத்தக் கரைந்த உப்பு, கிருமி ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஆர்சனிக் உள்ள பகுதியில் அதையும் சேர்க்க வேண்டும். முடிவை எழுத்தில் வாங்கி, பத்திரமாக வைக்க வேண்டும்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கடைகளில் இதை வாட்டர் சாஃப்ட்னர் என்பார்கள். இது ஓர் உருளை. உள்ளே ரெசின் என்னும் சிறு மணிகள் இருக்கும். மணிகளில் சோடியம் ஒட்டியிருக்கும். கடின நீர் வழியே செல்லும்போது, மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கின்றன. சோடியத்தை நீரில் விடுகின்றன. சில நாட்களில் மணிகள் நிரம்பிவிடும். அப்போது உப்புக் கரைசலை உள்ளே செலுத்திக் கழுவினால், மணிகள் மீண்டும் வேலை செய்யும்.

எந்த அளவு வாங்குவது?

ஒரு கணக்குப் பார்க்கலாம். வீட்டில் 5 பேர். ஒருவருக்கு நாளுக்கு 100 லிட்டர். மொத்தம் 500 லிட்டர். நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம். அப்படியானால் நாளுக்கு 250 கிராம் கடினத்தன்மையை நீக்க வேண்டும்.

ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும். அதாவது 5 நாட்களுக்கு ஒரு முறை உப்பு போட வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 3 முதல் 4 கிலோ உப்பு வேண்டும். மாதத்துக்கு 18 முதல் 24 கிலோ ஆகும். கருவியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை:

1. உள்ளே எத்தனை லிட்டர் ரெசின் இருக்கிறது?
2. எங்கள் நீருக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை உப்பு போட வேண்டும்?
3. நீரில் இரும்பு இருந்தால் முதலில் தனி வடிகட்டி வேண்டுமா? (இரும்பு மணிகளின் மேல் படிந்து கருவியைக் கெடுக்கும்.)
4. பழுது பார்க்க யார் வருவார்கள்?

நீரிலிருந்து கால்சியத்தைக் காந்தம் எடுப்பதில்லை. ஆகவே காந்தக் கருவி என்று விற்றால் யோசித்து வாங்க வேண்டும்.

கவனம் தேவை

மென்மையாக்கிய நீரில் சோடியம் கூடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். குழந்தைக்குப் பால் கரைக்க இந்த நீர் வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாயைக் கருவியில் சேராமல் தனியே விடுவது நல்லது. ஆனால் அந்த நீர் சோதனையில் தேறியிருக்க வேண்டும்.

கருவியைக் கழுவிய உப்பு நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. கிணற்றின் அருகிலும் விடக் கூடாது.

செலவு குறைந்த வழிகள்

கருவி எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. துணி துவைக்கும் நீரில் சலவைச் சோடா போட்டால் சோப்பு மிச்சமாகும். நீரைக் கொதிக்க வைத்துத் தெளிய விட்டால் கடினத்தின் ஒரு பகுதி அடியில் படியும். கிருமியும் சாகும். ஆனால் ஃபுளோரைடு போகாது. சுத்தமான கூரையிலிருந்து மழை நீரைச் சேமித்தால் துவைக்க மென்மையான நீர் கிடைக்கும். ராஜஸ்தானில் மக்கள் நெடுங்காலமாகத் தரைக்கடியில் 'டாங்கா' என்னும் தொட்டி கட்டி மழை நீரைச் சேர்த்து வருகிறார்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நுரை நன்றாக வரும் நீர் எல்லாம் குடிக்க நல்ல நீரா? ஏன்?
2. உங்கள் கிணற்று நீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?
3. வீட்டில் 4 பேர் இருந்து, ஒருவருக்கு நாளுக்கு 100 லிட்டர் என்றால், 25 லிட்டர் ரெசின் எத்தனை நாள் தாங்கும்? கடினத்தன்மை மேலே சொன்ன 500 மில்லிகிராம்தான்.