பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். உங்களுக்கு மட்டும் உறக்கமில்லை. கடைவாய்ப் பல் ஒன்று விண் விண்ணென்று தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் வலி சற்றுத் தணிகிறது. மறுபடி படுத்தால் பழையபடி ஏறுகிறது. இந்த அனுபவம் உங்களுக்கு நேர்ந்ததுண்டா? நேர்ந்திருந்தால், மறுநாள் பல் மருத்துவர் கேட்ட கேள்வியும் நினைவிருக்கும்: "ரூட் கெனால் செய்து காப்பாற்றலாமா, பிடுங்கிவிடலாமா?"

இக்கேள்வி என் வாழ்வில் இரண்டு முறை வந்தது. முதல் முறை எனக்கு 19 வயது; கல்லூரி மாணவன். வலப்பக்கக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல். கையில் பணமில்லை, பிடுங்கிக்கொண்டேன். இரண்டாம் முறை சென்ற ஆண்டு; அதே பல், இடப்பக்கம். இம்முறை நான் உடனே விடை சொல்லவில்லை. பல்லுக்குள் நடப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன். நான் அறிந்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மூடிய அறையில் ஒரு வீக்கம்

பல்லின் வெளி உறை எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எடையில் 100க்கு 96 பங்கு தாது உப்புகளே. அதற்குள் டென்டைன் என்னும் அடுக்கு. அதன் நடுவே ஒரு சிறு அறை. அதில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான பற்கூழ். இந்த அறையிலிருந்து மெல்லிய குழல்கள் வேரின் நுனி வரை செல்கின்றன. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழல். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு.

காலில் முள் குத்தினால் அந்த இடம் வீங்குகிறது. தோல் இடம் கொடுக்கிறது. ஆனால் சொத்தை வழியே கிருமிகள் நெருங்கும்போது பற்கூழ் வீங்க முடியுமா? சுற்றிலும் கெட்டியான சுவர். எனவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பு நசுங்குகிறது.

இரவில் வலி கூடுவதற்கும் இயற்பியல் விடை சொல்கிறது. நாம் நிமிர்ந்திருக்கும்போது பல், இதயத்தைவிடச் சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 30 செ.மீ. உயரமுள்ள இரத்தத் தம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ 23 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். நிற்கும்போது பல்லுக்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் அந்த அளவு குறைவு. படுத்தவுடன் பல்லும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. உடல் இதை ஓரளவு ஈடுசெய்துகொண்டாலும், ஏற்கெனவே இறுகிப்போன அறைக்கு அந்தச் சிறு உயர்வே போதும்.

வலி நின்றால் நோய் நின்றதா?

குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடிகளில் மறைந்தால் பற்கூழ் இன்னும் மீளும் நிலையில் இருக்கக்கூடும். அப்போது சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். பிடுங்கவும் வேண்டாம், ரூட் கெனாலும் வேண்டாம். சூடு பட்டு நெடுநேரம் வலித்தாலோ, தானாகவே வலி கிளம்பினாலோ பற்கூழ் மீளாது என்று பொருள்.

சிலருக்குச் சில நாட்களில் வலி திடீரென்று நின்றுவிடும். "தானே சரியாகிவிட்டது" என்று மகிழ்வார்கள். உண்மையில் நரம்பு இறந்துவிட்டது, கிருமிகள் இறக்கவில்லை. அவை வேர்நுனியைக் கடந்து எலும்பை அரிக்கத் தொடங்கும்.

கிருமிகளே காரணம் என்பதை 1965ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை தெளிவாக்கியது. காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் மூவர் எலிகளின் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டனர். சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகி இறந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலோ, திறந்த பற்கூழின் மேல் புதிய டென்டைன் வளர்ந்து துளையை மூடிக்கொண்டது! ஆகவே கிருமிகளை அகற்றி, மீண்டும் நுழையாமல் அடைத்துவிட்டால் பல் பிழைக்கும்.

குழலுக்குள் என்ன செய்கிறார்கள்?

ரூட் கெனால் என்பது இந்த வேலைதான். மரத்துப்போக ஊசி போட்டபின், பல்லின் மேற்புறத்தில் துளையிட்டு, நுண்ணிய அரங்களால் குழல்களைச் சுரண்டுகிறார்கள். துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள அதே சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகிறார்கள்.

குழல் எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? எக்ஸ் கதிர்ப் படம் ஒரு வழி. மற்றொன்று, நம் சோதனைச்சாலைக்கே உரிய மின்தடை அளவீடு! 1962ல் ஜப்பானியரான சுனாதா, வேர்நுனியைச் சூழ்ந்த திசுவுக்கும் வாயின் உட்சவ்வுக்கும் இடையே உள்ள மின்தடை ஏறத்தாழ 6,500 ஓம் என்று காட்டினார். எந்தப் பல்லானாலும், எந்த வயதானாலும் இதில் பெரிய மாற்றமில்லை. உதட்டில் ஒரு கொக்கி, அரத்தில் மற்றொரு மின்முனை; அரம் வேர்நுனியைத் தொட்டதும் கருவி சொல்லிவிடும். இன்றைய கருவிகள் மாறுதிசை மின்னோட்டத்தைப் பல அதிர்வெண்களில் செலுத்தி இதையே இன்னும் துல்லியமாகச் செய்கின்றன.

சுத்தமான குழலைக் கட்டபெர்ச்சா என்னும் பொருளால் அடைக்கிறார்கள். இது மலேயாக் காட்டு மரங்களின் பால். 1866ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் இதுவே காப்புறை. கடல்நீரைத் தடுத்த பொருள் இங்கே கிருமியைத் தடுக்கிறது.

எந்தப் பல் பிழைக்கும்?

எல்லாப் பற்களையும் காப்பாற்ற முடியாது. மருத்துவர் மூன்றைப் பார்க்கிறார்.

முதலாவது, ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் எஞ்சியிருக்கிறது? மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். மரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதால்தான் சக்கரம் பிளவதில்லை. பல்லின் மேல் போடும் கேப்பும் அப்படித்தான் பிடிக்கிறது. பிடிப்பதற்குச் சுற்றிலும் சுமார் 2 மி.மீ. உயரமாவது நல்ல பல் வேண்டும்.

இரண்டாவது, வேர் நீளவாக்கில் விரிந்திருக்கிறதா? விரிந்திருந்தால் கிருமிக்கு நிரந்தர வழி கிடைத்துவிட்டது. பெரும்பாலும் பிடுங்குவதே முறை.

மூன்றாவது, பல்லைத் தாங்கும் எலும்பு இருக்கிறதா? என் தாயாருக்கு ஈறு நோயால் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. எலும்பு பெரும்பகுதி கரைந்துவிட்டது. மருத்துவர் அதைப் பிடுங்கினார். அதுவே சரியான முடிவு. அஸ்திவாரம் போன வீட்டுக்குச் சுவர் பூசி என்ன பயன்?

இவற்றோடு உடல்நிலையையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், எலும்புத் தேய்வுக்கான சில மருந்துகளை எடுப்பவர்களுக்கும் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் போகலாம். அவர்களுக்குப் பல்லைக் காப்பதே பாதுகாப்பு.

கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள்

ரூட் கெனால் செய்த பல் ஏன் உடைகிறது? அது உலர்ந்து போவதாலன்று, சுவர்களை இழப்பதால். 1989ல் நடந்த ஓர் ஆய்வில், ரூட் கெனாலுக்காகத் துளையிட்டதால் பல்லின் விறைப்பு 5 சதவீதமே குறைந்தது. இருபக்க ஓரச் சுவர்களையும் வெட்டியபோது 63 சதவீதம் குறைந்தது. 2004ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களைக் கணக்கெடுத்தது. சிகிச்சைக்கு 8 ஆண்டுகளுக்குப் பிறகும் 100க்கு 97 பற்கள் வாயில் இருந்தன. இடையில் பிடுங்க நேர்ந்த பற்களில் 85 சதவீதம் கேப் போடாதவை! "வலிதான் போயிற்றே" என்று கேப்பைத் தள்ளிப்போடுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பிடுங்கிய பின்

பல் பிடுங்கினால் அன்றோடு கணக்கு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வெற்றிடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாய்ந்தது. எதிரே மேல் பல் கீழிறங்கியது. இடுக்கில் உணவு சிக்கத் தொடங்கியது. பல் இல்லாத எலும்பும் கரைகிறது. முதல் ஓராண்டிலேயே அதன் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும். விளைவு, பல ஆண்டுகளாக நான் இடப்பக்கத்தாலேயே மென்று வந்தேன். பிறகு டைட்டானியத் திருகு பொருத்திச் செயற்கைப் பல் வைப்பதானால், செலவு பொதுவாக ரூட் கெனாலையும் கேப்பையும் தாண்டிவிடும்.

பணமே தடையென்றால், அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். 19 வயதில் எனக்கு இதைச் சொல்ல யாருமில்லை.

மேல் பல்லைத் தொட்டால் கண் பார்வை போய்விடும் என்று நம் வீடுகளில் அஞ்சுவதுண்டு. பல்லுக்கும் பார்வைக்கும் தனித்தனி நரம்புகள், அச்சம் வேண்டாம். படித்தவர்களும் அச்சத்துக்கு விலக்கல்ல. 1910ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் உள்ள நோய்க்கிருமிகளே உடல் நோய்கள் பலவற்றுக்கும் மூலம் என்று முழங்கினார். அதைத் தொடர்ந்து எத்தனையோ பேரின் பற்கள் காரணமின்றிப் பிடுங்கப்பட்டன. பின்னர் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை.

சென்ற ஆண்டு என் இடப்பக்கப் பல்லின் எக்ஸ் கதிர்ப் படத்தில் சுவர்கள் நன்றாக இருந்தன, விரிசல் இல்லை, எலும்பும் உறுதி. இரண்டு அமர்வுகளில் ரூட் கெனால் முடிந்தது, கேப்பும் போட்டாயிற்று. இதை எழுதும் இன்று காலை அந்தப் பல்லால்தான் முறுக்குக் கடித்தேன்.

உங்களுக்கு இக்கேள்வி வரும்போது மருத்துவரிடம் கேளுங்கள்: சுவர் எவ்வளவு மிச்சம்? வேரில் விரிசல் உண்டா? எலும்பு தாங்குமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், பிடுங்க அவசரப்படாதீர்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைக்க வேண்டிய பல்லை ஒரே இரவின் வலிக்காக இழந்துவிட வேண்டாம்.