கடல் விலகி வழிவிடும் பூங்கா

குழந்தைகளே! கடற்கரைக்குப் போனால் என்ன செய்வீர்கள்? கால் நனைப்பீர்கள், கிளிஞ்சல் பொறுக்குவீர்கள், சுண்டல் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிப்பீர்கள். கடல் நீர் வற்றி ஒதுங்கிக்கொள்ள, அது இருந்த தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து போகலாம் என்றால் நம்புவீர்களா? பயப்படாதீர்கள், சுனாமி பற்றிச் சொல்லவில்லை. தினமும் இரண்டு முறை இது நடக்கும் இடம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது.

இந்திய வரைபடத்தை எடுங்கள். குஜராத் மாநிலத்தில் கடல் இரண்டு இடங்களில் உள்ளே நுழைந்திருக்கும். மேலே இருப்பது கட்ச் வளைகுடா. அதன் தென்கரையில் ஜாம்நகர் என்ற ஊர் இருக்கிறதா? அந்தக் கரையோரம்தான் இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 1980-ல் சரணாலயமாகவும், 1982-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். இதில் மொத்தம் 42 தீவுகள். பெரும்பாலான தீவுகளுக்குப் படகில்தான் போக வேண்டும். ஆனால் நராரா என்ற இடத்துக்குக் காரிலேயே போய் இறங்கிவிடலாம்.

என் மகன் ஜாம்நகரில் வேலை பார்க்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஜனவரி மாதம் அங்கே போயிருந்தேன். "ஆச்சி, கடலுக்குள்ளே நடக்கலாம், வர்றியா?" என்று என் பேரன் கேட்டான். அவனுக்கு ஒன்பது வயது. நான் தூத்துக்குடிக்காரி. எனக்கே கடலைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டான் என்று சிரித்தேன். போய்ப் பார்த்த பிறகுதான், எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்க் கடல் மட்டுமே என்று புரிந்தது!

வீட்டில் தினசரி காலண்டர் இருக்கிறதா? அதில் திதி போட்டிருப்பார்கள். நராராவுக்குப் போக முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நிலவு கடல் நீரை இழுப்பதால் நீர் ஏறுவதையும் இறங்குவதையும் ஓதம் என்கிறோம். உயர்வது உயர் ஓதம், வடிவது தாழ் ஓதம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரே கோட்டை ஒட்டி வருவதால் இழுப்பு கூடுகிறது. நீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அஷ்டமியன்று போனால் பாதி ஏமாற்றம்தான்.

மன்னார் வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது. கட்ச் வளைகுடாவிலோ நான்கைந்து மீட்டர்! வாய் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் இருக்கிறது இந்த வளைகுடா. புனலில் வேகமாக நீர் ஊற்றினால் விளிம்புவரை எழும்புகிறதே, அதுபோலத்தான். இன்னொன்று, இன்று காலை எட்டு மணிக்கு நீர் வற்றினால் நாளை எட்டு மணிக்கு வற்றாது. ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நாளை மறுநாள் எத்தனை மணிக்கு வற்றும்? கணக்குப் போட்டு வையுங்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். துவாரகை போகும் சாலையில் போய், வாடிநார் பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். மணி ஏழாகியும் வெளிச்சம் சரியாக வரவில்லை. நாட்டின் மேற்கு ஓரம் அல்லவா, அங்கே சூரியன் தாமதமாகத்தான் எழுந்திருப்பார்.

வாசலில் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கினோம். வழிகாட்டி ஒருவர் கூட வந்தார். செருப்புக் கூடாது, கெட்டியான அடிப்பாகம் உள்ள கான்வாஸ் ஷூ வேண்டும் என்றார். பவளப்பாறை காலைக் கிழித்துவிடும். "நான் காலை வைத்த இடத்திலேயே நீங்களும் வையுங்கள். நான் திரும்பலாம் என்று சொன்னால் திரும்பிவிட வேண்டும்." இந்தியில் அவர் சொன்னதை என் மகன் தமிழில் சொன்னான்.

முதலில் அலையாத்திச் செடிகள், சேறு. பிறகு குட்டிக் குட்டிக் குளங்களாகத் தண்ணீர் தேங்கிய பாறைத்தரை. ஓரிடத்தில் கணுக்கால் ஆழத்தில் ஓர் ஓடை கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினோம். இந்த ஓடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பார்த்ததை எப்படிச் சொல்ல? மூளையைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு பவளம். அது கல் அல்ல, ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. வெயிலில் கிடக்கும்போது காய்ந்துவிடாமல் இருக்க உடம்பில் வழவழவென்று ஒரு திரவத்தைச் சுரந்துகொள்ளும். பக்கத்தில் கடல் சாமந்தி. பூ என்று நினைத்து ஏமாறாதீர்கள், அதன் 'இதழ்கள்' இரை பிடிக்கும் கைகள். கடல் அட்டை ஒன்று புடலங்காய்த் துண்டு மாதிரி படுத்திருந்தது. எதிரி தொந்தரவு செய்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கும், பிறகு புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும்!

எங்களுக்கு முன்னே போன ஒரு கூட்டத்தார் பேத்தை மீனைக் கையில் எடுத்து ஊதச் செய்யும்படி தங்கள் வழிகாட்டியைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பயத்தில்தான் அது பந்துபோல உப்புகிறது. நம் பொழுதுபோக்குக்கு அது ஏன் பயப்பட வேண்டும்? அந்த வழிகாட்டி மறுத்துவிட்டார், நல்ல வேளை.

இதற்குள் என் பேரன் ஒரு தட்டையான கல்லைப் புரட்டினான். அடியில் ஓர் ஊரே இருந்தது. நண்டுக்குஞ்சு, நூல் கைகளோடு நெளியும் நட்சத்திரப் பிராணி, ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுயிரி. பார்த்துவிட்டுக் கல்லை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். எங்கள் வழிகாட்டி ஒன்றும் பேசாமல் இருபது அடி திரும்பி நடந்து, குனிந்து, கல்லை முன்பிருந்தபடியே மெல்லக் கவிழ்த்து வைத்தார். "அடியில் இருப்பவை வெயிலில் செத்துப்போகும். மேலே இருக்கும் பாசி இருட்டில் செத்துப்போகும்" என்றார். பேரன் முகம் சுருங்கிவிட்டது.

கடைசியாக ஒரு பொந்தைக் காட்டினார். வெறும் பாறைதான் தெரிந்தது. திடீரென்று பாறை கண் சிமிட்டியது போல் இருந்தது! ஆக்டோபஸ். நம்மூரில் பேய்க்கணவாய் என்பார்கள். பழுப்பாக இருந்தது, நாங்கள் பார்க்கும்போதே வெளிறி, பிறகு புள்ளி புள்ளியாக மாறியது. அதற்கு மூன்று இதயங்கள், ரத்தம் நீல நிறம்.

"திரும்பலாம்" என்றார் வழிகாட்டி. "இன்னும் அஞ்சே நிமிஷம்!" என்றான் பேரன். உண்மையைச் சொல்கிறேன், நானும் அவனோடு சேர்ந்து கெஞ்சினேன். அவர் அசையவில்லை. ஒரு குளத்தைக் காட்டினார். சற்றுமுன் அதிலிருந்து கடல் பக்கம் வழிந்துகொண்டிருந்த நீர், இப்போது கடலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை, அலையும் இல்லை.

எனக்கு மூட்டுவலி. வேகமாக நடக்க முடியவில்லை. அந்த ஓடையை அடைந்தபோது தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது. பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டான் என் மகன். வழிகாட்டி என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் என் இடுப்பு வரை வந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

படகில் போக ஆசையுள்ளவர்களுக்கு, ஜாம்நகருக்கு அருகில் பிரோட்டன் தீவு இருக்கிறது. முன் அனுமதி வேண்டும், எல்லா நாளும் கிடைக்காது. அங்கே கணக்குத் தலைகீழ். உயர் ஓதத்தில்தான் படகு தீவை நெருங்க முடியும். நீர் வடிந்துவிட்டால் தரை தட்டிவிடும், அடுத்த உயர் ஓதம் வரை காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் போகவில்லை.

இந்தப் பூங்கா பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு காலத்தில் சிமெண்ட் செய்ய இங்கிருந்து பவள மணலை அள்ளினார்கள். இன்று வாடிநாரில் எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஆனால் ஒரு நல்ல செய்தி. மான்கொம்பு போலக் கிளைவிடும் ஒருவகைப் பவளம் கட்ச் வளைகுடாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனது. 2015-ல் விஞ்ஞானிகளும் குஜராத் வனத்துறையும் சேர்ந்து அதை மறுபடி வளர்த்தார்கள். அதற்கு விதைபோலப் பயன்பட்ட துண்டுகள் எங்கிருந்து போனவை தெரியுமா? நம் மன்னார் வளைகுடாவிலிருந்து!

கரையேறியதும் பேரன் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சின்னப் பவளத்துண்டை எடுத்தான். யாரும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. பவளத்தை எடுத்துப்போவது சட்டப்படி குற்றம் என்று வாசல் பலகையில் எழுதியிருந்ததை அவனே படித்திருந்தான். வழிகாட்டியிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொள்ளாமல் தண்ணீரைக் காட்டினார். ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

காரில் ஏறும் முன் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் ஆக்டோபஸைப் பார்த்த இடத்தைத் தேடினேன். அங்கே ஒரு மீன்பிடிப் படகு போய்க்கொண்டிருந்தது.