கூலிங் கிளாஸ்: நாம் போடுவதும் நாம் விற்பதும்

பங்குனி பிறந்ததும் நம் பக்கத்துக் கடைகளில் அட்டையில் செருகிய கூலிங் கிளாஸ்கள் தொங்க ஆரம்பித்துவிடும். வெள்ளானூரில் எங்கள் மொத்தக் கடையிலும் மளிகைச் சரக்கோடு சேர்த்துப் பல வருடங்கள் இதை வைத்திருந்தோம். டஜன் கணக்கில் வரும், இடத்தை அடைக்காது, வண்டு விழாது, துவரம்பருப்பில் கிடைக்கும் லாபத்தைவிடப் பல மடங்கு நிற்கும். கறுப்பாக இருந்தால் கண்ணுக்கு நல்லது என்று வாங்குபவர் நம்பினார். நாங்களும் அப்படியேதான் நம்பினோம்.

எங்கள் கிடங்கில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவருக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழி வரை வந்துவிட்டது. அறுவை செய்து எடுத்தார்கள். வெயிலும் தூசியும்தான் இதற்கு முக்கியக் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். திரும்பி வந்தவர் எங்களிடம், "அண்ணாச்சி, உங்க கடை கண்ணாடியத்தானே நாலு வருசமா போட்டுக்கினு இருந்தேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சதை பல வருடங்களில் வளர்வது. எங்கள் கண்ணாடியால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கண்ணாடி அவரைக் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாதே! அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஒன்று, தெரியாத புற ஊதாக் கதிர் ஒன்று. கண்புரை, சதை வளர்ச்சி போன்றவற்றில் பங்கு உள்ளது இந்த இரண்டாவதற்குத்தான். கறுப்புச் சாயம் வெளிச்சத்தைக் குறைக்கும். புற ஊதாவை நிறுத்துமா என்பது வேறு சங்கதி. கண்ணின் நடுவில் உள்ள பாவை வெளிச்சம் அதிகமானால் சுருங்கும், இருட்டில் விரியும். வெறும் சாயக் கண்ணாடியைப் போட்டதும் இருட்டு என்று எண்ணிப் பாவை விரிகிறது. சாதாரணமாகக் கண் கூசினால் இமையையாவது இடுக்கிக்கொள்வோம். இங்கே அதுவும் இல்லை. கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பியது போலத்தான்.

ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது 'யுவி 400' என்ற குறி. 400 நானோமீட்டர் அலைநீளம் வரை உள்ள கதிரை, அதாவது புற ஊதா முழுவதையும், தடுக்கும் என்பது இதன் பொருள். குறியை யார் வேண்டுமானாலும் ஒட்டலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய கண்ணாடிக் கடைகளில் இதைச் சோதிக்கச் சிறு கருவி வைத்திருப்பார்கள். நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலும் பாதிச் சோதனைக்கு வழி இருக்கிறது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்குதான் அது.

ஐந்நூறு ரூபாய் நோட்டை அந்த விளக்கின் கீழ் வைத்தால் எண்கள் அச்சிட்ட இடமும் தாளில் உள்ள நுண்ணிய இழைகளும் ஒளிர்வது நமக்குத் தெரிந்ததே. இப்போது கூலிங் கிளாஸை விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவில் பிடித்து, அதன் நிழல் எண்களின் மேல் விழும்படி செய்யுங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்காமல் பக்கவாட்டிலிருந்து நோட்டைப் பார்க்க வேண்டும். நிழலுக்குள்ளும் எண்கள் ஒளிர்ந்தால் அந்தச் சரக்கு உதவாது. ஒளிர்வு அடியோடு அணைந்தால், அந்த விளக்கின் கதிரையாவது நிறுத்துகிறது என்று கொள்ளலாம். ஆனால் இத்தகைய விளக்குகள் பெரும்பாலும் 365 நானோமீட்டரை ஒட்டியவை. 400 வரை தடுக்கிறதா என்பதை இது காட்டாது. மோசமானதைக் கழிக்க உதவும், நல்லதற்குச் சான்று தராது. விளக்கை நேராக உற்றுப் பார்க்கவும் கூடாது. எங்களிடம் தொங்கிய ஐந்து ரகங்களில் இரண்டு இந்தச் சோதனையிலேயே தோற்றன. அதில் ஒன்றுதான் இருப்பதிலேயே அடர்ந்த கறுப்பு!

கருமையின் அளவுக்குத் தனி எண் உண்டு. நல்ல தயாரிப்புகளில் காதுப்பட்டையின் உட்புறம் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 3 சரி; அது வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம் வரை மட்டும் உள்ளே விடும். 4 என்றால் 8 சதவீதத்துக்கும் குறைவு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. பொழுது சாய்ந்த பிறகு வெளிவட்டச் சாலையில் கூலிங் கிளாஸோடு பைக்கில் பறக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. நிறத்தில் சாம்பலும் பழுப்பும் நல்லவை, சிக்னல் விளக்கின் நிறத்தை அதிகம் மாற்றிக் காட்டாது.

'போலராய்டு' என்று கேட்டு வருவோர் உண்டு. தார்ச் சாலையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது நன்றாகக் குறைக்கும். செல்போன் திரையைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் பெரும்பாலும் திரை இருண்டுபோகும். அப்படியானால் அது அந்த ரகம். (பணம் வந்துவிட்டதா என்று பார்க்கும்போது திரை கறுப்பாகத் தெரிந்து பதறியவர்களில் நாங்களும் உண்டு.) அதுவும் புற ஊதாத் தடுப்பும் ஒன்றல்ல. இரண்டும் உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இனி உழைப்பு. அசல் கண்ணாடி வில்லை எளிதில் கீறல் விழாது, ஆனால் கனம், உடைந்தால் சில்லு கண்ணில் போகும். லோடு ஏற்றுபவருக்கும் பைக் ஓட்டுபவருக்கும் அது வேண்டாம். பாலிகார்பனேட் வில்லை எளிதில் உடையாது, புற ஊதாவைத் தடுப்பது அந்தப் பொருளின் இயல்பிலேயே உண்டு. குறை என்னவென்றால் சீக்கிரம் கீறல் விழும். அரிசித் தூசியும் மணலும் படிந்த வில்லையை வேட்டி முனையால் துடைத்தால் ஒரே மாதத்தில் மங்கிவிடும். முதலில் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். வியர்வைக்கு உலோகச் சட்டம் பச்சை பூக்கும், ஆகவே நைலான் சட்டமே மேல். ஹெல்மெட்டுக்குள் போட மெல்லிய, நேரான காதுப்பட்டை வேண்டும். பக்கவாட்டில் வளைந்து மூடும் வடிவமாக இருந்தால் தூசிக்கும் நல்லது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பாதுகாப்புச் சாமான் சப்ளை செய்யும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிரைண்டிங் வேலைக்கு விற்கும் பாலிகார்பனேட் கண்ணாடியிலேயே புகை நிறத்திலும் கிடைக்கும். 'இசட் 87' அல்லது 'இ.என். 166' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அவை கண் பாதுகாப்புக்கான அமெரிக்க, ஐரோப்பியத் தரங்கள். அழகு கொஞ்சம் குறைவுதான், விலையும் குறைவுதான். இப்போது எங்கள் கிடங்கு ஆட்கள் அனைவருக்கும் அதையே வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று காலையில் கூலிங் கிளாஸ் கேட்டுப் பலர் வந்தார்கள். கல்லாவில் இருந்த பையன் இரண்டு விற்றும்விட்டான். யுவி 400 ஆனாலும், எவ்வளவு கறுப்பானாலும், கூலிங் கிளாஸ் வழியாகச் சூரியனை நேராகப் பார்த்தால் கண்ணின் விழித்திரை வெந்துபோகும். கிரகணத்துக்கு என்றே தனி வடிகட்டி உண்டு. நம் அட்டையில் இருப்பது அதுவல்ல என்று சொல்லி அனுப்புவது நம் பொறுப்பு.

பொறுப்பு என்றதும் சட்டமும் நினைவுக்கு வருகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாகத் தந்து, பொருள் அதன்படி இல்லாமற்போய்த் தீங்கு நேர்ந்தாலும் அப்படியே. "கண்ணுக்கு ரொம்ப நல்லது சார், எடுத்துக்குங்க" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பில் இல்லாமல், பெயர் இல்லாமல் பையில் கொண்டுவந்து கொடுக்கும் ஏஜெண்டிடம் கொள்முதல் செய்யவும் வேண்டாம்.

தோற்ற இரண்டு ரகங்களில் எங்களிடம் மூன்று டஜனுக்கு மேல் மீதம் இருந்தது. ஏஜெண்ட் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். உடைத்துப் போட்டு நஷ்டக் கணக்கில் எழுதினோம். அடுத்த சரக்குக்குத் தயாரிப்பாளர் முகவரியும் சோதனைச் சான்றும் கேட்டிருக்கிறோம். அவர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனவர்தான், இன்னும் வரவில்லை.