நவம்பர் 2 கல்லறைத் திருநாள்: இறந்தவர்களுக்காக ஏன் செபிக்கிறார்கள் கத்தோலிக்கர்கள்?

ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் பவானி கூடுதுறையில் திரளும் கூட்டம், கோபிசெட்டிபாளையம் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. காலமான அப்பாருக்கும் அமுச்சிக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார்கள். இதே வட்டாரத்தில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அப்படியொரு நாள், நவம்பர் 2. ஊர் வழக்கில் அதன் பெயர் கல்லறைத் திருநாள்.

ஐப்பசி மழையில் முளைத்த புல்லை வெட்டி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவத்தியும் வைப்பார்கள். பங்குத்தந்தை ஒவ்வொரு கல்லறையாகச் சென்று தீர்த்தம் தெளிப்பார். 'கல்லறை மந்திரிப்பு' என்பார்கள் இதை. திருப்பூர், கோவை என்று பிழைப்புக்குப் போனவர்களும் அன்று ஊருக்கு வந்துவிடுவார்கள்.

அஞ்சலி மட்டும்தானா?

இல்லை. கடவுளின் அன்பில் இறந்தாலும், முழுமையாகத் தூய்மை அடையாதவர்கள் விண்ணகம் செல்லும் முன் தூய்மை பெற வேண்டும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அந்த நிலையைத்தான் வீட்டுப் பெரியவர்கள் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்பார்கள். அங்கிருப்பவர்களுக்கு, உயிரோடு இருப்பவர்களின் செபமும் திருப்பலியும் தர்மமும் உதவும். இறந்தவரிடம் வரம் கேட்பது இதன் நோக்கமல்ல; அவருக்காகக் கடவுளிடம் இரக்கம் கேட்பதுதான்.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ம் அதிகாரம். போரில் மடிந்த வீரர்களின் ஆடைக்குள், யூதச் சட்டம் தடைசெய்த சிலைவழிபாட்டுத் தாயத்துகள் இருந்தன. யூதா மக்கபே அவர்களைக் கைவிடவில்லை. 2,000 வெள்ளி திராக்மா திரட்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். சீர்திருத்தச் சபையினரின் பைபிளில் இந்த நூல் இல்லை. அதனால் சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் கல்லறையில் பூ வைத்து நன்றி சொல்வார்கள்; இறந்தவரின் மீட்புக்காக மன்றாடும் வழக்கம் பொதுவாக இல்லை.

கவனித்தீர்களா? யூதா மக்கபே வேண்டியது உத்தமர்களுக்காக அல்ல, தவறு செய்தவர்களுக்காக. குடித்தே குடும்பத்தை வாட்டிய அப்பா, சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன்... இப்படிப்பட்டவர்கள் போன பிறகு கோபமும் பாசமும் சேர்ந்து நெஞ்சை அழுத்தும். நேரில் பேசித் தீர்க்க இனி வழியில்லை. ஆனால், 'அவரை மன்னியும்' என்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ள இந்த நாள் இடம் கொடுக்கிறது.

போரும் கொரோனாவும்

சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்சின் குளூனி மடத் தலைவர் ஒடிலோ இந்த நாளைத் தம் மடங்களில் தொடங்கிவைத்தார். பிறகு அது எங்கும் பரவியது. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த 1915-ல், அன்றைய தினம் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் என்று அனுமதித்தார் போப் பதினைந்தாம் பெனடிக்ட். அதில் ஒன்று, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குச் சென்று செபித்தால், இறந்தவர்களுக்காகப் 'பரிபூரண பலன்' பெறலாம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, போப்பின் கருத்துக்காகச் செபம் ஆகியவை அதற்கான நிபந்தனைகள். கொரோனா காலமான 2020-ல், கல்லறைகளில் கூட்டம் சேராதிருக்க இந்தச் சலுகையை நவம்பர் மாதம் முழுவதற்கும் நீட்டித்தது வாடிகன். அடக்கத்துக்குக்கூடப் போக முடியாமல் தவித்த குடும்பங்கள் பல இருந்த வருடம் அது.

காசில்லாதவர்களுக்கு?

இறந்தவர் பெயரில் திருப்பலி வைக்கக் காணிக்கை கொடுப்பது வழக்கம். ஆனால், அது கட்டணம் அல்ல. காணிக்கை தர முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் குருக்கள் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 945-ம் பிரிவு வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறது. தயங்காமல் பங்குத்தந்தையிடம் கேட்கலாம்.

நவம்பர் 2 அன்று, நினைக்க ஆளில்லாத ஆன்மாக்களும் மன்றாட்டில் சேர்கிறார்கள். உங்கள் வீட்டுக் கல்லறைக்குப் பக்கத்தில் பெயர் அழிந்துபோன கல்லறை ஒன்று இருக்கலாம். போகும்போது ஒரு மெழுகுவத்தி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.