புட்டியின் மேல் ஒரு பாடம்!

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், 2020ஆம் ஆண்டு, மண்ணுக்கடியிலிருந்து உருண்டை உருண்டையாய்க் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்றனர்; ஊரே திரண்டது. நிலவியல் அறிந்தோர் வந்தனர். முட்டையல்ல, கடலடி வண்டல் இறுகித் திரண்ட கல் என்றனர். கூட்டம் கலைந்தது. பாடமும் அத்தோடு முடிந்தது!

முடியலாமா? அங்கேதானே, தோழர்களே, பாடம் தொடங்க வேண்டும்!

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர் மண் கடலுக்கடியிலே கிடந்தது. கடலுயிர்களின் ஓடுகள் சுண்ணாம்புக் கல்லாயின. கல்லைத் தேடி சிமெண்ட் ஆலை வந்தது. ஆலையோடு லாரி வந்தது. லாரியோடு தூசி வந்தது. தூசி தொழிலாளியின் மார்புக்குள் குடியேறிற்று. கடலிலே தொடங்கி இருமலிலே முடிகிற இந்தக் கதையைவிட நல்லதொரு விஞ்ஞானப் பாடம் உண்டா?

சுண்ணாம்புக் கல் என்றால் கால்சியம் கார்பனேட் என்று ஒப்பிக்கிறான் பிள்ளை, மதிப்பெண்ணும் பெறுகிறான். மாலையில் அப்பன் சட்டையிலிருந்து உதறுவதும் அதுவே என்பதை அறியான்! தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கேயான துகள், நுரையீரலின் அடிவரை போகும் என்று அவனுக்குச் சொன்னோமா? சொல்லியிருந்தால், 'லாரிக்குத் தார்ப்பாய் எங்கே? என் தந்தைக்கு முகமூடி எங்கே?' என்று கேட்டிருப்பானே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பருத்திக் காட்டுக்கு வாருங்கள். 2017இல் பெரம்பலூர்ப் பகுதியில் பூச்சிமருந்து அடித்த உழவர் சிலர் மடிந்தனர். அதே ஆண்டு மராட்டியத்து யவத்மாலில் மடிந்தோர் இருபதுக்கும் மேல். விதி என்பார்கள். விதியல்ல, வேதியியல்! ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து தோல் வழியேயும் உடலுக்குள் புகும். நரம்பின் இயக்கத்தை அடக்கி ஆளும் நொதியை முடக்கும். எச்சில் பெருகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சுத் திணறும். உடனே நனைந்த சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எந்த மருந்து என்ற விவரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். திருநீறு பூசி நேரத்தைக் கடத்தினால் உயிர் கடந்துவிடும்!

மருந்துப் புட்டியின் மேல் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள் அதற்கடுத்தது; நீலம் அதற்கும் கீழே; பச்சை கடைசி. பச்சைதானே என்று ஏமாறாதீர், அதுவும் நஞ்சுதான்! நாலு நிறம், நாலே நிமிடப் பாடம். எத்தனை பள்ளிகளில் நடக்கிறது?

2022இல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரை பயிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புக்கே சோதனைக் கருவிகளைக் கொண்டு சென்றது. வாழ்த்துகிறோம். வாழ்த்தோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறோம்: வகுப்புச் சுவரிலே அந்தச் சதுரத்தை வரையுங்கள். எண்ணெய் தடவிய வெள்ளைத்தாளைச் சன்னலில் ஒரு நாள் வைத்து, படியும் தூசியைப் பிள்ளைகளே பார்க்கட்டும்.

பள்ளி செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் படிப்பகங்களின் சுவர்கள் என்ன, சுண்ணாம்பு அடிக்க மட்டுமா? இன்றே வரைவோம். பிள்ளை படித்த படிப்பு, அப்பன் மார்புக்குக் கவசமாகட்டும்!